அந்த நாலு பேரும் ஏன் சேர்ந்து குடிப்பதில்லை?

1

இந்தக் கதை நான் வாங்கிய திட்டிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்பெயினின் பாஸ்க் மலைநாட்டில், எய்பார் என்ற ஊரில் ஒரு மதுக்கடையின் கல்லாவில் நிற்பவன் நான். கடை என் மாமியார் ஜெனாராவுடையது. அவர் போய்ச் சேர்ந்தபிறகு என் தலையில் விழுந்தது. கல்லாவில் நின்றபடியே அவ்வப்போது ஏதாவது கிறுக்குவேன் என்று ஊருக்குத் தெரியும். அதனால் திருவிழா மலர் கமிட்டிக்காரர்கள் வந்து, "சர்வாதிகாரி காலத்துல நம்ம ஊர் சோஷலிஸ்டுங்க தலைமறைவா வேலை செஞ்சாங்கல்ல, அதைப் பத்தி வீரமா ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்றார்கள். வீரமாகவே எழுதினேன். எழுதியதை, அந்த இயக்கத்தில் நிஜமாகவே இருந்த பல்பினோவிடம் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் என் கடைக்கு வருகிறவர்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு படித்தார்.

"யாருடா இவன்?"

"நீங்கதாண்ணே."

"நானா? நான் எப்படா துப்பாக்கி வெச்சிருந்தேன்?"

"ஊரே துப்பாக்கி செய்யற ஊராச்சேன்னு…"

"செய்யறவன் கையில எங்கடா இருக்கும்? வாங்கறவன் கையிலதான் இருக்கும். இதென்ன, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறேன்? எனக்கு அப்பவே கடைவாய்ப் பல்லு கிடையாது." காகிதத்தைக் கவுண்டரில் போட்டார். போட்ட இடத்தில் ஒயின் ஈரம். வேண்டுமென்றே போட்டார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். "எங்க இயக்கத்துக்கு வந்த பெரிய ஆபத்து எது தெரியுமா? நாங்க குடிக்கறதை நிறுத்தினோம் பாரு, அதுதான்."

மலருக்கு வேறு எதையோ கொடுத்து ஒப்பேற்றிவிட்டேன். அவர் சொன்ன ஆபத்துதான் இது.

(எய்பாருக்கு வந்து ஜெனாராவின் கடை எங்கே என்று விசாரிக்காதீர்கள். ஊர் நிஜம்; கடையும் ஆட்களும் நடந்ததும் என் கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் கற்பனையாடா?" என்று பல்பினோ சண்டைக்கு வருவார். அது என் பாடு.)

2

ஆரம்பம்தான் படுத்தியது.

முதல் முயற்சி: "நள்ளிரவு. மழை. கறுப்புக் கோட்டின் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டு ஒருவன் —"

[அடித்துவிட்டேன். நடந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. மழை உண்மைதான், இந்தப் பள்ளத்தாக்கில் மழை இல்லாமலிருந்தால்தான் எழுத வேண்டிய செய்தி.]

இரண்டாவது முயற்சி: "அடக்குமுறையின் இருண்ட நாட்களில், உழைக்கும் மக்களின் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்த —"

[மைக் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. நானே கைதட்டிவிடுவேனோ என்று பயந்து நிறுத்தினேன்.]

மூன்றாவது: "பல்பினோ சாயங்காலம் ஆறு மணிக்கு நேராக வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி ஃபெலிசா பயந்துபோனாள்."

இது இருக்கட்டும்.*

* முன்னால் "படித்தார்", இப்போது "வந்தான்" — கவனித்திருப்பீர்கள். கடைக்குள் அவர், கதைக்குள் அவன். கதைக்குள் அவனுக்கு முப்பத்தைந்து வயதுதான், விட்டுவிடுங்கள்.

3

"என்னய்யா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள் ஃபெலிசா.

"இல்லை."

கிட்டே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலும் இல்லை. அப்புறம் ஏன் வீட்டுக்கு வந்த?"

கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் ஷிப்டு முடிந்து நேராக வீட்டுக்குப் போகிற ஆண்பிள்ளை கிடையாது. ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜமா உண்டு. பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சில் சேர்ந்த ஜமா கல்லறை வரை கூட வரும். சங்கு ஊதியதும் ஜமா தெருவில் இறங்கும். முதல் கடையில் ஒரு சின்ன கிளாஸ் ஒயின், இரண்டாவது கடையில் ஒன்று, அங்கே ஒரு பாட்டு, மூன்றாவதில் ஒரு வம்பு. இப்படி ஒரே வரிசையில், ஒரே கடைகளில், ஒரு சுற்று. காசு கொடுப்பது இன்றைக்கு ஒருவன் முறை, நாளைக்கு இன்னொருவன் முறை. சுற்று முடிந்துதான் சாப்பாடு.

பல்பினோவின் ஜமா நாலு பேர். பட்டறையில் தையல் மெஷின் பாகங்களுக்கு மெருகு போடுகிற பல்பினோ. அதே பட்டறையில் தெலெஸ்ஃபோரோ. தெலெஸ் என்று கூப்பிடுவார்கள், அவன் கூப்பிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும், பாடினால் ஐந்து தெருவுக்கு. ரொட்டிக்கடை எமெத்தேரியோ, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. நாலாவது சிக்ஸ்தோ. அவன் அதிகம் பேசமாட்டான்.

இந்த நாலு பேரும்தான் எங்கள் ஊரின் தலைமறைவு சோஷலிஸ்ட் குழு. கட்சியும் சங்கமும் தடை செய்யப்பட்டிருந்த காலம். ரொட்டிக்கடையின் மாவு மச்சில் ஒரு சைக்ளோஸ்டைல் மெஷினை ஒளித்துவைத்து, துண்டறிக்கை அடித்து, விடிந்தால் பட்டறை வாசல்களில் கிடக்கும்படி செய்வார்கள். சிக்ஸ்தோ முன்பு ஒருமுறை அதற்காகப் பிடிபட்டு, புர்கோஸ் சிறையில் ஆறு வருஷம் கழித்துவிட்டு வந்தவன். இன்னொரு முறை அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் அகப்பட்டால், திரும்பி வரும்போது கிழவனாகத்தான் வருவான். நாலு பேருக்கும் அது தெரியும். பல்பினோ அதை நினைக்காமல் தூங்கின இரவு கிடையாது.

கிறிஸ்துமஸ் கழிந்து, எல்லைக்கு அந்தப்புறம் துலூஸிலிருந்து ஒருவர் வந்தார். நாடு கடந்துபோன கட்சித் தலைமையின் ஆள். சைக்கிள் சாமான் விற்பவர் வேஷத்தில் பட்டறைக்கே வந்து, பல்பினோவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"குழுவுல இருக்கறவங்க வெளியில ஒருத்தரையொருத்தர் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. பில்பாவோவில ஒருத்தனைப் பிடிச்சாங்க. அவன் யார் யாரோட குடிச்சான்னு விசாரிச்சே மொத்தக் குழுவையும் அள்ளிட்டாங்க."

"தோழர், அவனுங்க என் கூட்டாளிங்க. சின்ன வயசுலேர்ந்து."

"இனிமே இல்லை."

பல்பினோ ஒழுங்குக்காரன். மெருகில் மயிரிழை கோணினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவன். அதோடு, சிக்ஸ்தோவின் முகம் கண்முன் வந்தது. சரி என்றான். நாலு பேரும் கடைசியாக ஒருமுறை மாவு மச்சில் கூடி, இனி தெருவில் பார்த்தால் தலையைக்கூட ஆட்டுவதில்லை என்று முடிவு செய்தார்கள். தெலெஸ் அழுதுவிட்டான். மெதுவாக அழத் தெரியாதவன் என்பதால் எமெத்தேரியோ ஒரு காலி மாவுச் சாக்கை எடுத்து அவன் முகத்தில் அழுத்த வேண்டியிருந்தது.

* துலூஸ்காரருக்கு முதலில் தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டிருந்தேன். பல்பினோ இல்லை என்கிறார். ஃபெலிசாவோ தான் அவரைத் தெருவில் பார்த்ததாகவும் பெரிய மீசை இருந்ததாகவும் சாதிக்கிறார். இரண்டையும் எடுத்துவிட்டேன். தலைமறைவுக்காரருக்கு முகம் எதற்கு?

4

பெரிய நகரத்துக்கு அந்த விதி சரிதான். எய்பாரில் அது எப்படி வேலை செய்தது என்றால், இரண்டாம் நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கேட்டியா? அந்த நாலு பேரும் சேர்ந்து குடிக்கறதில்லையாம்!"

"என்னடா சொல்ற? தெலெஸ் தனியாவா நின்னான்?"

"தனியா. ஒரு கிளாஸ். பாட்டு இல்லை. குடிச்சான், காசை வெச்சான், போயிட்டான்."

எதிரெதிரே வந்தால் சிக்ஸ்தோ கடை ஜன்னலைப் பார்க்க ஆரம்பிப்பான். பல்பினோ ஷூ நாடாவைக் கட்டுவான். ஒருநாள் சிக்ஸ்தோ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஜன்னல், பெண்கள் உள்ளாடைக் கடையுடையது. அதற்கும் ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது.

காரணங்கள் குவிந்தன. சீட்டாட்டத்தில் எமெத்தேரியோ ஏமாற்றிவிட்டானாம். சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயிப்பான் என்று தகராறாம். பல்பினோ செய்த காட் மீன் குழம்பை சிக்ஸ்தோ வாய்விட்டுக் குறை சொன்னானாம் — இந்தக் காரணத்தைத்தான் நிறையப் பேர் நம்பினார்கள், ஏனென்றால் அது மன்னிக்க முடியாதது.

ஜெனாரா கவுண்டரைத் துடைத்தபடி பல்பினோவை மடக்கினார். "ஏம்பா, அந்த சிக்ஸ்தோவுக்கு உலகத்துல உங்களை விட்டா யாரு இருக்கா? ஜெயிலுக்குப் போயி கல்யாண வயசையும் தொலைச்சிட்டு நிக்கறான். அவனைப் போயி ஒதுக்கறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?"

பல்பினோ காசை எண்ணிக் கவுண்டரில் வைத்தான். அவனைக் காப்பாற்றத்தான் ஒதுக்குகிறோம் என்று எப்படிச் சொல்வது?

5

இப்போது ஃபெலிசா விஷயம். முதல் பிரதியில் இவரை ஜன்னலோரம் நின்று கண்ணீர் வடிப்பவராக எழுதியிருந்தேன். பல்பினோ அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டார், மகராசன். மறுநாள் காலை கடை திறக்கும்போதே ஃபெலிசா வாசலில் நின்றார்.

"ஜன்னலோரம் நின்னு அழுதேனா நான்? எனக்கு ஏதுடா அதுக்கு நேரம்? அந்த மனுசன் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து அடுப்படியில உக்காந்துக்கிட்டு, வெங்காயத்தை இப்படி நறுக்கக் கூடாது, அப்படி நறுக்கணும்னு உயிரை எடுத்தாரு. அதை எழுது."

எழுதிவிட்டேன்.

பல்பினோ அவளிடம் எதையும் சொன்னதில்லை. தெரியாமலிருந்தால் அவளுக்குப் பாதுகாப்பு என்பது அவன் எண்ணம். சட்டைக் கையில் மை தோய்ந்து வந்ததை எல்லாம் பட்டறைக் கறுப்பு என்று அவள் நம்பியதாக அவன் நம்பினான். அது துண்டறிக்கை மை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நாலு பேரும் ஏன் பிரிந்தார்கள் என்பதும், எந்த நாளில் என்ன நடக்கும் என்பதும் தெரியாது. கதை முழுக்க இந்த ஓட்டையில்தான் விழப்போகிறது.

மூன்று மாதம் பொறுத்தாள். ஒருநாள், வெங்காயம் நறுக்குகிற கத்தியைக் கையில் பிடித்தபடியே ஜெனாராவிடம் போனாள்.

"இவங்களை எப்படியாவது சேர்த்துவெச்சிடணும்க்கா. இல்லேன்னா நான் இந்தாளைக் கொன்னுடுவேன்."

6

இன்னும் இரண்டு பேரை உள்ளே விட வேண்டியிருக்கிறது.

ஒருவன் போலீஸ் சார்ஜென்ட். தெற்கிலிருந்து வந்தவன், எங்கள் ஊருக்கு வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பாஸ்க் மொழி அவனுக்குத் தெரியாது என்பது ஊரின் நம்பிக்கை. அவன் இருக்கிற இடத்தில் எல்லோரும் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள். அந்த நாலு பேரும் பாடிக்கொண்டு ஸ்டேஷனைத் தாண்டுவதை வைத்துத்தான் அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பது வழக்கம். பாட்டு நின்றதும் அவனுக்குப் பசி தப்பிப்போயிற்று. போலீஸ்காரனுக்குப் பசி தப்பினால் யோசனை வந்துவிடும்.

"அந்த நாலு பேருக்குள்ள என்ன?" என்று ஜெனாராவைக் கேட்டான். "குடிக்கறவன் ஏன் குடிக்கறான்னு நான் கேக்கறதில்லை. நிறுத்தினா கேப்பேன்."

பாருங்கள், நாலு பேரும் இத்தனை வருஷம் ஸ்டேஷன் வாசலில் கத்திக்கொண்டு போனபோது அவர்களை ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்லை. ஒளிய ஆரம்பித்ததும் எல்லோர் கண்ணிலும் விழுந்துவிட்டார்கள்.

இன்னொருவர் பங்குச் சாமியார் தோன் ப்ருதென்சியோ. அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் மலையேறுபவர். இந்த நாலு பேரும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். அவர்களைச் சமாதானம் செய்துவைக்கும்படி ஃபெலிசா போய்க் கேட்டதும் சாமியாருக்கு வாயெல்லாம் பல். கடவுள் இல்லை என்று சொல்கிறவனைக் கட்டிப்பிடிக்க வைப்பதைவிட ஒரு சாமியாருக்கு வேறென்ன பெருமை? உற்சாகத்தில் தலைகால் புரியாமல் சார்ஜென்ட்டையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

[இந்தச் சாமியாரை நான் ரொம்ப சந்தேகித்தேன். கதைக்கு வசதியாக யாரோ செய்துகொடுத்த மாதிரி இருக்கிறார். எடுத்துவிடலாமா என்று பல்பினோவைக் கேட்டேன். "அவரை எடுத்தா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்" என்றார். வைத்துக்கொண்டேன்.]

7

ஜெனாரா கடையின் பின்கட்டு அறையில் சனிக்கிழமை மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று. நாலு பேருக்கும் தெரியக்கூடாது. ஒவ்வொருவனுக்கும் ஒரு பொய் சொல்லி வரவழைப்பது.

அந்தச் சனிக்கிழமை மே தினத்துக்கு முந்தைய நாள்.

அன்று காலைதான் எமெத்தேரியோவின் மாவு மச்சிலிருந்து துண்டறிக்கைகள் இறங்கின. பை எடுத்துப்போனால் சோதிப்பார்கள். அதனால் ஆளுக்கு ஒரு கட்டு, சட்டைக்குள் வயிற்றைச் சுற்றி, துணி கிழித்துக் கட்டிக்கொண்டு, மேலே கோட்டு. மதியச் சங்கு ஊதியதும் ஆளுக்கொரு தெருவில் நடந்து, கதவிடுக்குகளில் செருகிவிட வேண்டும். நாலு பேரும் வெவ்வேறு வேளையில் வந்து, ஒருவனை ஒருவன் பார்க்காமலே எடுத்துப் போனார்கள். துலூஸ்காரர் கண்டிருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

சங்கு ஊதியது. பல்பினோ தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பான். பக்கத்து வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஃபெலிசா ஜெனாரா கடையில மயக்கம் போட்டு விழுந்துட்டாப்பா!"

ஓடினான். ஓடும்போது வயிற்றுக் கட்டு மேலேறி நெஞ்சில் முட்டியது. பின்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்தான். ஃபெலிசா நன்றாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தெலெஸ். அவனுக்குப் பக்கத்தில் எமெத்தேரியோ. ஜன்னலோரம் சிக்ஸ்தோ, முகம் சுண்ணாம்பாக.

மேசையைச் சுற்றிப் பாதி ஊர். பட்டறை மேஸ்திரி இருந்தார். வீட்டுக் கூடத்தில் சர்வாதிகாரி படத்தை மாட்டி வைத்திருந்த நகராட்சி குமாஸ்தா இருந்தார். மேசையின் தலைமாட்டில் சாமியார். கால்மாட்டில், கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு, சார்ஜென்ட்.

(சார்ஜென்ட்டுக்குப் பக்கத்து நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அது யாருக்கென்று பிறகு சொல்கிறேன்.)

8

"கோட்டைக் கழட்டுங்கப்பா, அடுப்பு சூடு தாங்கலை" என்றார் ஜெனாரா.

"குளிருது" என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில். மூன்று மாதத்தில் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எமெத்தேரியோ, உனக்கென்னப்பா இவ்வளவு தொப்பை? கூட்டாளிங்களை விட்டதும் உடம்பு வெச்சிருச்சு போல!"

எமெத்தேரியோவுக்கு வியர்வை காதோரம் வழிந்தது. சிவப்பு பீன்ஸ் வந்தது. பன்றி ரத்த சாசேஜ் வந்தது. மண்சட்டியைக் கையிலேயே ஆட்டி ஆட்டி, பூண்டெண்ணெய் வெண்ணெயாகத் திரளும்வரை ஜெனாரா செய்த காட் மீன் வந்தது. நாலு பேரும் நிமிர்ந்த முதுகோடு, பொம்மை மாதிரி கையை மட்டும் தூக்கிச் சாப்பிட்டார்கள். குனிந்தால் காகிதம் சத்தம் போடும்.

சாமியார் எழுந்தார். "போதும் உங்க வீம்பு. எழுந்து கட்டிப்பிடிங்க."

"கட்டிப்புடி! கட்டிப்புடி!" என்று மேசையே தட்டியது. சார்ஜென்ட்டும் முள்கரண்டியால் தட்டினான்.

பல்பினோ மனசுக்குள் கணக்குப் போட்டான். கட்டிப்பிடித்தால் நாலு கட்டுக் காகிதமும் நொறுங்குகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். சிக்ஸ்தோ சிறைக்குப் போவது உறுதி. கட்டிப்பிடிக்கக் கூடாது. அப்படியென்றால் சண்டை நிஜமாக இருக்க வேண்டும்.

"முடியாது" என்றான்.

"ஏம்ப்பா?"

"இவன் பண்ணினது அப்படி." விரல் சிக்ஸ்தோவை நோக்கி நீண்டது. ஏன் சிக்ஸ்தோவைக் காட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்ன பண்ணினான்? சொல்லித் தொலை!" என்றாள் ஃபெலிசா.

ஒரு பொய் வேண்டும். காட் மீன் குழம்பு என்று சொன்னாலே போதும், மொத்த ஊரும் தலையாட்டியிருக்கும். பல்பினோவுக்குப் பொய் வராது. அவன் வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வந்தது; அதுவும் ஸ்பானிஷில் இல்லை, வீட்டில் பேசுகிற மொழியில்.

9

"இவன் என்னைக் கூட்டாளியா மதிக்கலை! இவனை அடிச்சாங்க. கூட யாரு, கூட யாருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. கூட இருந்தது நான். மெஷினைச் சுத்தினது நான். என் பேரைச் சொல்லியிருந்தா பாதித் தண்டனையோட விட்டிருப்பாங்க. சொல்லலை. சரி, சொல்லலை. பொட்டலம் கட்டி எடுத்துக்கிட்டு புர்கோஸுக்கு ரயிலேறிப் போனேன். பார்க்க மாட்டேன்னுட்டான். மறுபடியும் போனேன். அப்பவும் பார்க்க மாட்டேன்னுட்டான். வெளிய வந்தப்புறமாவது பேச விட்டானா? நான் வாயைத் தொறந்தாலே 'அடுத்த கடைக்குப் போலாமா'ங்கறான். டேய், நன்றின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னும் எத்தனை கடைடா நான் ஏறி இறங்கறது?"

மேசை தட்டுவது எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. மேஸ்திரிக்குப் புரிந்தது. குமாஸ்தாவுக்குப் புரிந்தது. ஃபெலிசா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வருஷம் அவன் மறைத்துவைத்தது, போலீஸ் சிக்ஸ்தோவை அடித்தும் வெளியே வராதது, பீன்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது.

"என்ன சொல்றான்?" என்று சார்ஜென்ட் ஸ்பானிஷில் கேட்டான்.

சாமியார் தோன் ப்ருதென்சியோ ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார்.

"சுற்றுல இவன் முறை வரும்போதெல்லாம் சிக்ஸ்தோ முந்திக்கிட்டுக் காசு குடுத்துடறானாம். மானப் பிரச்சினை."

"அதுக்கா இவ்வளவு நேரம் பேசினான்?"

"எங்க மொழியில கொஞ்சம் நீளமா வரும் சார்ஜென்ட்."

* பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யைச் சாமியார் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டார் என்பது ஃபெலிசாவின் கட்சி. "அதைப் பாவம்னு நினைச்சாத்தானேடா சொல்றதுக்கு?"

சிக்ஸ்தோ மெதுவாக எழுந்தான். மேசையைச் சுற்றி வந்து பல்பினோவுக்கு முன்னால் நின்றான்.

"சரி, சொல்லு. கேக்கறேன். இன்னிக்கு வேற கடைக்குப் போகலை."

பல்பினோ வாயைத் திறந்தான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கட்டிப்பிடிக்கவே கூடாது என்று சற்று முன்னால் முடிவெடுத்த அதே மனுஷன், எல்லாவற்றையும் மறந்து, பாய்ந்து சிக்ஸ்தோவை இறுக்கிக்கொண்டான்.

இரண்டு கட்டுக் காகிதமும் நொறுங்கின. அமைதியான அறையில் அந்தச் சத்தம், காய்ந்த சருகுக் குவியலில் மாடு இறங்கியதுபோல் கேட்டது.

10

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று எழுதினேன்.

ஒன்று: தெலெஸ் அடித்தொண்டையில் ஒரு பாட்டை எடுத்துவிட்டான், சத்தம் அதில் மூழ்கிப்போயிற்று, சார்ஜென்ட்டும் கூடப் பாடினான். [சினிமா. கடையில் படித்துக் காட்டியபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

இரண்டு: சார்ஜென்ட் எழுந்துபோய் சிக்ஸ்தோவின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான், தரையெல்லாம் — [இதை முடிக்கவில்லை. முடியவில்லை.]

மூன்று: சார்ஜென்ட்டுக்குச் சத்தமும் கேட்டது, இத்தனை வருஷத்தில் பாஸ்க் மொழியும் புரிந்திருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மீன் கேட்டான். [பல்பினோ: "அவனை நல்லவனாக்க நீ யாருடா? அவன்கிட்ட அடி வாங்கினவங்க இந்த ஊர்ல இன்னும் உசிரோட இருக்காங்க."]

கடைசியில் அவரிடமே கேட்டேன். "சரிண்ணே, நிஜமா என்னதான் ஆச்சு?"

கிளாஸைக் கவுண்டரில் உருட்டிக்கொண்டிருந்தார். "ஆனதைச் சொல்லிட்டா நீ அதை மட்டும் எழுதிட்டுப் போயிடுவே. எனக்கு ராத்திரியில வர்றது அது இல்லைடா. அந்த ரூம்ல அத்தனை பேருக்கும் கேட்டுது. குமாஸ்தாவுக்கும் கேட்டுது. ஒவ்வொருத்தன் மூஞ்சியா நான் பார்த்தேன், சிக்ஸ்தோ தோளுக்கு மேல. எவன் என்ன சொல்லப் போறான்னு தெரியாம ஒரு நிமிஷம் நின்னோம் பாரு. அதை எழுது. முடிஞ்சா."

முடிகிறதா பார்க்கிறேன்.

சார்ஜென்ட் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். "என்ன சத்தம் அது?"

ஜெனாரா மண்சட்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். குமாஸ்தா மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருக்கிறார். சாமியார் தன் பங்குப் பொய்யை ஏற்கெனவே சொல்லித் தீர்த்துவிட்டார். சார்ஜென்ட்டின் பார்வை மேசையைச் சுற்றி வந்து, தன் பக்கத்து நாற்காலியில் நிற்கிறது.

அந்த நாற்காலி உங்களுடையது. ரொம்ப நேரமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பீன்ஸ் சாப்பிட்டீர்கள், "கட்டிப்புடி" என்று மற்றவர்களோடு சேர்ந்து மேசையும் தட்டியிருப்பீர்கள். மொழி புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பல்பினோ பேசியது முழுக்க உங்களுக்குத் தமிழில் கேட்டது. உங்களை நம்பித்தான் எழுதினேன், ஆனால் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது.

"உங்களைத்தான் கேக்கறேன். ஏதாவது சத்தம் கேட்டுதா?"

பல்பினோவின் கை இன்னும் சிக்ஸ்தோவின் முதுகில் இருக்கிறது. இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. மூச்சுவிட்டால் காகிதம் மறுபடி நொறுங்கும்.

சொல்லுங்கள். மீன் ஆறுகிறது.